இருபது டிகிரிக்கு வர்க்கமூலம் ஏன் போதாது?
வாசகர் கேள்வி – பதில்: கணக்குப் பகுதி

பள்ளியிறுதித் தேர்வாகிய எச்.எஸ்.சி. நெருங்குவதால், இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை முக்கோணவியலைப் பற்றியே இருந்தன. 30°, 45°, 60° ஆகிய பழகிய கோணங்களைத் தாண்டி, மற்றக் கோணங்களின் சைன், கொசைன் மதிப்புகளைத் தசமமாக இல்லாமல் சரியான வடிவில் காண்பது எப்படி என்பதே பலரின் கேள்வி. ஒன்றின் விடை அடுத்ததற்கு உதவும்படி அவற்றை வரிசைப்படுத்தியிருக்கிறேன். ஆகவே பின்னால் உள்ள பதில்களை மட்டும் படிக்க விரும்புவோரும் முதல் பதிலை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. நம் மொரீஷியஸ் தீவில் கணக்கு ஆங்கிலத்தில் கற்பிக்கப்படுவதால் ஒரு சொல்லை மட்டும் முதலிலேயே விளக்கிவிடுகிறேன். எந்தக் கோணத்தை இட்டாலும் உண்மையாகவே இருக்கும் சமன்பாட்டைத் தமிழில் முற்றொருமை என்கிறோம்.

கேள்வி (ரோஸ் ஹில், ஒரு மாணவி): ஐயா, வணக்கம். சைன் 15° காணும்படி வந்த கணக்குக்குக் கால்குலேட்டரில் பார்த்து 0.2588 என்று எழுதினேன், மதிப்பெண் கிடைக்கவில்லை. பிறகு 15° என்பதை 45° − 30° என்று பிரித்து (√6 − √2)/4 என்று கண்டேன். டியூஷனில் என்னோடு படிக்கும் தோழி, 30°-இன் பாதி என்று எடுத்துக்கொண்டு √(2 − √3)/2 என்று கண்டிருக்கிறாள். எங்கள் இருவரில் யாருடைய விடை சரி?

பதில்: இருவருடைய விடையும் சரி, இரண்டும் ஒரே எண். தோழியின் விடையில் பெரிய வர்க்கமூலம் அடைப்புக்குறிக்குள் உள்ள முழுவதையும் தழுவி நிற்கிறது என்பதை மட்டும் கவனத்தில் வைத்துக்கொண்டு, உங்கள் விடையை வர்க்கப்படுத்திப் பாருங்கள்.

(√6 − √2)² = 6 + 2 − 2√12 = 8 − 4√3

இதை 16-ஆல் வகுத்தால் (2 − √3)/4 கிடைக்கிறது. தோழியின் விடையை வர்க்கப்படுத்தினாலும் அதே (2 − √3)/4 தான் வரும். இரண்டு எண்களும் நேர்மதிப்புள்ளவை, இரண்டின் வர்க்கமும் ஒன்று; எனவே எண்களும் ஒன்றேதான். வர்க்கமூலங்கள் கலந்த விடைகள் பார்வைக்கு வேறுபட்டும் மதிப்பில் ஒன்றாகவும் இருப்பது இந்தப் பாடத்தில் அடிக்கடி நேர்வது. ஆகவே புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் உள்ள விடையோடு தோற்றத்தில் ஒத்துப்போகவில்லை என்பதற்காக மட்டும் யாரும் தம் விடையை அடித்துவிட வேண்டாம். முதலில் இரண்டையும் வர்க்கப்படுத்திப் பாருங்கள்.

இனி 0.2588 ஏன் ஏற்கப்படவில்லை என்பதற்கு வருகிறேன். அந்த எண் சைன் 15°-இன் அருகில் இருக்கும் வேறோர் எண். சைன் 15° ஒரு விகிதமுறா எண் என்பதால் அதன் தசமம் 0.258819045... என்று முடிவில்லாமல், மீண்டும் மீண்டும் வரும் அமைப்பு எதுவும் இல்லாமல் நீண்டுகொண்டே போகும். நான்கு இலக்கங்களோடு வெட்டிவிட்டால் என்ன இழக்கிறோம் என்பதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கொசைன் 15°-ஐ 0.9659 என்று எடுத்துக்கொண்டு இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் 0.99994025 வருகிறது, 1 வரவில்லை. (√6 − √2)/4, (√6 + √2)/4 ஆகிய சரியான மதிப்புகளை எடுத்துக்கொண்டால், முதல் வர்க்கத்தில் உள்ள −4√3 என்ற உறுப்பும் இரண்டாவதில் உள்ள +4√3 என்ற உறுப்பும் ஒன்றையொன்று நீக்கிவிட, 16/16 என்று பிசகில்லாமல் 1 வந்து நிற்கிறது. கோணங்களுக்கு இடையே உள்ள உறவு சரியான மதிப்பில் அப்படியே காக்கப்படுகிறது. தசமத்தில் அது தேய்ந்துபோகிறது. கேள்வியில் சரியான மதிப்பு கேட்கப்படுவதன் காரணம் இதுதான்.

√2, √3 போன்ற முடிவுறாத மூலங்களைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் முறுடு என்கின்றன. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் சொல் ‘சர்ட்’. காது கேளாதவரைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதே குறையைச் சொல்ல நாம் அன்றாடம் பயன்படுத்தும் ‘சூர்’ என்ற பிரெஞ்சுச் சொல்லும் அதற்கு உடன்பிறப்பே. பின்னமாகச் சொல்ல முடியாத எண்ணைச் ‘சொல்லப்படாதது’ என்று கிரேக்கர் அழைத்ததை அரபு அறிஞர்கள் ‘செவிடு’ என்று பெயர்க்க, அது லத்தீன் வழியாக இன்றைய பாடநூலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

சூத்திரம் எதுவும் இல்லாமலே 15°-ஐக் காணும் வழி ஒன்று உண்டு. அதை ஒவ்வொரு மாணவரும் ஒருமுறையாவது கையால் வரைந்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. உயரம் 1, அடிப்பக்கம் √3, கர்ணம் 2 கொண்ட செங்கோண முக்கோணத்தை வரையுங்கள். அடியில் உள்ள கூர்ங்கோணம் 30°. அந்த 30° முனையிலிருந்து அடிப்பக்கத்தை வெளிப்புறமாகக் கர்ணத்தின் நீளமாகிய 2 அலகு நீட்டி, நீட்டிய முனையை உச்சியோடு இணையுங்கள். புதிதாக உருவாகும் முக்கோணம் 2, 2 என்ற பக்கங்களை உடைய இருசமபக்க முக்கோணம். அதன் வெளிக்கோணம் 30° என்பதால், உள்ளே எதிரில் உள்ள இரண்டு சமகோணங்களும் ஒவ்வொன்றும் 15°. இப்போது பெரிய செங்கோண முக்கோணத்தின் உயரம் 1, அடி 2 + √3. ஆகவே

டேன் 15° = 1/(2 + √3) = 2 − √3

அந்தப் பெரிய முக்கோணத்தின் கர்ணம் √(8 + 4√3), அதாவது √6 + √2. மறுபடியும் அதே செயலைச் செய்து, அடியை இந்தக் கர்ணத்தின் நீளத்துக்கு நீட்டினால் 7½° கிடைத்துவிடும். அதன் டேன் மதிப்பு 1/(2 + √3 + √6 + √2). பகுதியை விகிதப்படுத்தினால் அது √6 − √3 + √2 − 2 என்று எளிமையாகிறது. கோணத்தைப் பாதியாக்கும் முற்றொருமை அடிக்கோட்டை நீட்டும் இந்த ஒரே செயலின் சுருக்கெழுத்துதான்.

கேள்வி (ஃப்ளாக், ஒரு தாய்): என் மகன் சைன் 75°-ஐக் காணச் சைன் 45°-ஐயும் சைன் 30°-ஐயும் கூட்டிவிடுகிறான். தவறு என்று சொன்னால், ஏன் என்று கேட்கிறான். எனக்கு விளக்கத் தெரியவில்லை.

பதில்: அம்மா, ஏன் என்று கேட்கும் பிள்ளைக்குக் கணக்கு வராமல் போகாது. முதலில் அவரையே கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். √2/2 + 1/2 என்பது ஏறத்தாழ 1.207. எந்தக் கோணத்தின் சைனும் 1-ஐத் தாண்ட முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். ஆகவே விடை தவறு என்பதை அவரே ஒப்புக்கொள்வார்.

சரியான முற்றொருமை எங்கிருந்து வருகிறது என்பதைப் பரப்பளவைக் கொண்டு காட்டலாம். ஒரு முக்கோணத்தின் உச்சியிலிருந்து அடிக்குச் செங்குத்துக் கோடு ஒன்றை இறக்குங்கள். அது உச்சிக்கோணத்தை இடப்பக்கம் அ, வலப்பக்கம் ஆ என்று இரண்டாகப் பிரிக்கட்டும். அ-வின் பக்கம் உள்ள பக்கநீளம் ப என்றும், ஆ-வின் பக்கம் உள்ளது ம என்றும் இருக்கட்டும். செங்குத்தின் நீளத்தைப் ப × கொசைன் அ என்றும் சொல்லலாம், ம × கொசைன் ஆ என்றும் சொல்லலாம். முழு முக்கோணத்தின் பரப்பு 1/2 × ப × ம × சைன் (அ + ஆ). இடப்பக்கத் துண்டின் பரப்புக்குச் செங்குத்தை ம-வைக் கொண்டும், வலப்பக்கத் துண்டின் பரப்புக்குப் ப-வைக் கொண்டும் எழுதி, இரண்டையும் கூட்டி முழுப்பரப்புக்குச் சமப்படுத்துங்கள். எல்லாவற்றிலும் பொதுவாக இருக்கும் 1/2 × ப × ம நீங்கிவிட, எஞ்சுவது இதுதான்:

சைன் (அ + ஆ) = சைன் அ × கொசைன் ஆ + கொசைன் அ × சைன் ஆ

இரண்டு துண்டுகளின் பரப்பைத்தான் கூட்டுகிறோமே ஒழிய, இரண்டு சைன்களை அல்ல. ஒவ்வொரு துண்டிலும் மற்றதன் கொசைன் கலந்திருப்பதற்குக் காரணம், செங்குத்துக் கோடு இரண்டு துண்டுகளுக்கும் பொதுவாக இருப்பதே. 45°, 30° இரண்டையும் இட்டால் சைன் 75° = (√6 + √2)/4 என்று வரும். இந்த முற்றொருமைகள் எச்.எஸ்.சி. தேர்வில் தரப்படும் சூத்திரப் பட்டியலிலேயே அச்சிடப்பட்டிருப்பதால், மனப்பாடத்துக்குச் செலவிடும் நேரத்தை இந்தப் படத்தை வரைவதற்குச் செலவிடலாம்.

கேள்வி (மாயேபூர், ஒரு மாணவர்): அரைக்கோண முற்றொருமையில் வரும் ± குறியில் எதை எடுப்பது?

பதில்: கோணம் எந்தக் காற்பகுதியில் விழுகிறது என்பதைப் பார்த்து எடுங்கள். பாதியாக்குவதற்கு முன்பிருந்த கோணத்தை அல்ல, பாதியாக்கிய பின் கிடைக்கும் கோணத்தைப் பார்க்க வேண்டும். கொசைன் 165° காண 330°-இன் பாதி என்று எடுத்துக்கொண்டால், 330°-இன் கொசைன் நேர்மதிப்பு. ஆனால் 165° இரண்டாம் காற்பகுதியில் இருப்பதால் விடை எதிர்மதிப்பு: −√(2 + √3)/2.

கேள்வி (த்ரியோலே, ஒரு டியூஷன் ஆசிரியர்): சைன் 18°-க்கு (√5 − 1)/4 என்ற மதிப்பை மாணவர்களுக்குச் சொல்கிறேன். 30°, 45° இரண்டையும் எப்படிக் கூட்டினாலும், கழித்தாலும், பாதியாக்கினாலும் 18° வராதே. √5 எங்கிருந்து வந்தது என்று ஒரு மாணவர் கேட்டார். இருபடிச் சமன்பாட்டின் இரண்டாவது மூலத்தை நாம் ஏன் விட்டுவிடுகிறோம் என்றும் கேட்டார்.

பதில்: இரண்டும் அருமையான கேள்விகள், இரண்டாவதைப் பாடநூல்கள் ‘எதிர்மதிப்பு என்பதால் விலக்குக’ என்று ஒரே வரியில் கடந்துவிடுகின்றன என்பது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் விஷயம்.

18°-இன் தனிச்சிறப்பு, அதன் ஐந்து மடங்கு 90° என்பது. ஆகவே அதன் இரண்டு மடங்கும் மூன்று மடங்கும் ஒன்றுக்கொன்று நிரப்பு கோணங்கள்; சைன் 36° = கொசைன் 54°. இடப்பக்கம் இருமடங்குக் கோண முற்றொருமையையும், வலப்பக்கம் மும்மடங்குக் கோண முற்றொருமையையும் இட்டால்,

2 சைன் 18° × கொசைன் 18° = 4 கொசைன்³ 18° − 3 கொசைன் 18°

கொசைன் 18° பூச்சியமல்ல என்பதால் அதனால் இருபுறமும் வகுக்கலாம். கொசைன் வர்க்கத்தை 1 − சைன் வர்க்கம் என்று மாற்றி, சைன் 18°-ஐச் ச என்று குறித்தால், 4ச² + 2ச − 1 = 0 என்ற இருபடிச் சமன்பாடு கிடைக்கிறது. அதன் மூலங்கள் (−1 + √5)/4, (−1 − √5)/4. முதலாவதே நாம் தேடியது.

இரண்டாவது மூலம் யாருடையது? நாம் சமன்பாட்டை அமைத்தபோது, ‘இக்கோணத்தின் ஐந்து மடங்கு 90°’ என்ற செய்தியைச் சைன், கொசைன் வழியாகச் சொன்னோம். ஆனால் அவற்றுக்கு 90°-உம் 450°-உம் 810°-உம் ஒன்றே. முழுச் சுற்றுகளை அவை எண்ணுவதில்லை. எனவே ஐந்தால் வகுக்கும்போது 18° மட்டுமல்லாமல் 90°, 162°, 234°, 306° ஆகியவையும் அதே சமன்பாட்டில் வந்து சேர்கின்றன. 90°-ஐக் கொசைனால் வகுத்தபோதே நீக்கிவிட்டோம். 162°-இன் சைனும் 18°-இன் சைனும் ஒன்றே. எஞ்சிய 234°, 306° இரண்டுக்கும் பொதுவான சைன் மதிப்புதான் (−1 − √5)/4, தசமத்தில் ஏறத்தாழ −0.809. ஆகவே அது தவறான விடை அல்ல. நாம் கேட்காத வேறு கோணங்களுக்குச் சரியான விடை. இதை மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தால், மூலங்களை விலக்குவதில் உள்ள குருட்டுப் பழக்கம் போய்விடும்.

√5 வந்ததற்குக் காரணம் ஒழுங்கு ஐங்கோணம். அதன் மூலைவிட்டத்துக்கும் பக்கத்துக்கும் உள்ள விகிதம் பொன் விகிதமாகிய (1 + √5)/2. அதன் சரிபாதியே கொசைன் 36°. முக்கோணமும் சதுரமும் தரும் கோணங்களில் √3, √2 மட்டுமே உண்டு. √5 வேண்டுமானால் ஐங்கோணத்தின் வாசலுக்குத்தான் போக வேண்டும். 18°, 36° இரண்டின் சைன் மதிப்புகளையும் இரண்டாம் பாஸ்கரர் 1150-ஆம் ஆண்டில் முடித்த சித்தாந்த சிரோமணியின் ‘ஜ்யோத்பத்தி’ பகுதியிலேயே தந்திருக்கிறார். சைனுக்கு அவர்கள் வழங்கிய ‘ஜ்யா’ என்ற சொல்லுக்கு வில்லின் நாண் என்று பொருள். வட்டத்தின் பகுதிகளை இன்றும் வில் என்றும் நாண் என்றும் சொல்லும் தமிழ் மாணவருக்கு இந்த உருவகத்தைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இந்த மதிப்பு கைக்கு வந்தவுடன் 18° − 15° = 3° என்று கழித்து, மிகச் சிறிய ஒரு கோணத்தை அடைந்துவிடலாம்:

சைன் 3° = [(√5 − 1)(√6 + √2) − (√6 − √2) × √(10 + 2√5)] / 16

தோற்றம் கரடுமுரடாக இருந்தாலும் இதில் வர்க்கமூலத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. 3°-இலிருந்து கூட்டிக்கொண்டே போனால், 3-இன் மடங்காக உள்ள எல்லா டிகிரிகளுக்கும் சரியான மதிப்பு கிடைத்துவிடுகிறது.

கேள்வி (போர்ட் லூயிஸ், ஒரு தமிழாசிரியர்): ஆரியபட்டரின் சைன் அட்டவணை 3° 45′ இடைவெளியில் அமைந்திருப்பதாகப் படித்தேன். இப்படி முழுமையில்லாத ஓர் இடைவெளியை ஏன் தேர்ந்தெடுத்தார்?

பதில்: 499-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஆரியபட்டீயத்தில் உள்ள அந்த அட்டவணை, 90°-ஐ 24 சம பங்குகளாகப் பிரிக்கிறது. ஒரு பங்கு 225 கலைகள், அதாவது 3° 45′. 30°-ஐப் பாதியாக்கினால் 15°, மறுபடி பாதியாக்கினால் 7° 30′, மூன்றாம் முறை பாதியாக்கினால் 3° 45′ என்பதைக் கவனியுங்கள். மேலே ரோஸ் ஹில் மாணவிக்குச் சொன்ன அதே பாதியாக்கும் செயலை மூன்று முறை செய்தால் சென்றடையும் இடம் இதுதான். 30°, 45° என்ற அடிப்படைக் கோணங்களிலிருந்து நிரப்பு கோணமும் பாதியாக்கலுமாகவே 24 மதிப்புகளையும் வர்க்கமூலங்களால் எட்டிவிட முடியும். அவர் தந்தவை வட்டத்தின் ஆரத்தை 3438 என்று கொண்டு முழு எண்களாக்கிய மதிப்புகள். 30°-க்கு 1719, அதாவது ஆரத்தின் சரிபாதி, என்று இருப்பதைக் காணலாம்.

கிரேக்க வானியலாளர் தாலமி இரண்டாம் நூற்றாண்டில் வேறொரு வழியில் சென்றார். ஐங்கோணம் தரும் 72°-இலிருந்து அறுகோணம் தரும் 60°-ஐக் கழித்து 12° பெற்று, அதைப் பாதி பாதியாக்கி 6°, 3°, 1½°, ¾° வரை வந்தார். 1½°-க்கும் ¾°-க்கும் நடுவே இருக்கும் 1° மட்டும் அவர் கைக்குச் சிக்கவில்லை. இரண்டு பக்கமும் நெருக்கி, அதன் மதிப்பைத் தோராயமாகவே எழுதினார். பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சமர்கந்தில் பாரசீகக் கணிதவியலாளர் அல் காஷி, சைன் 3°-ஐ வைத்துக்கொண்டு மும்மடங்குக் கோணச் சமன்பாட்டின் வழியே சைன் 1°-ஐ மிக நுட்பமாகக் கணித்தார். அதுவும் படிப்படியாக நெருங்கும் முறைதான். இவ்வளவு பெரிய அறிஞர்களுக்கும் ஒரு டிகிரி ஏன் வசப்படவில்லை என்பதற்கு அடுத்த பதிலில் காரணம் இருக்கிறது.

கேள்வி (கிராண்ட் பே, ஓய்வுபெற்ற நில அளவையாளர்): 20° தெற்கு அட்சக்கோடு நம் தீவின் வடமுனை வழியாகச் செல்கிறது. நம் ஊருக்குரிய கோணமாயிற்றே என்று கொசைன் 20°-இன் சரியான மதிப்பைக் காண முயன்றேன். 3 × 20° = 60° என்று எடுத்துக்கொண்டு முப்படிச் சமன்பாடு வரை வந்து, அதற்கு மேல் போக முடியவில்லை. வழி காட்ட வேண்டுகிறேன்.

பதில்: ஐயா, நீங்கள் வந்து நின்ற இடம் சரியான இடம். உங்கள் உழைப்பில் குறையில்லை. அங்கிருந்து மேலே செல்லும் பாதைதான் இல்லை. அதை நிறுவியும் காட்டலாம்.

மும்மடங்குக் கோண முற்றொருமையில் 20°-ஐ இட்டு, கொசைன் 20°-இன் இருமடங்கை ய என்று குறித்தால், உங்கள் சமன்பாடு இப்படிச் சுருங்கும்:

ய³ − 3ய − 1 = 0

இதற்கு ஒரு பின்னம் மூலமாக இருக்குமானால், சுருங்கிய வடிவில் அதன் தொகுதியும் பகுதியும் 1-ஐ வகுக்க வேண்டும். எனவே +1, −1 இரண்டைத் தவிர வேறு வாய்ப்பில்லை. +1-ஐ இட்டால் −3 வருகிறது. −1-ஐ இட்டால் +1 வருகிறது. இரண்டுமே பூச்சியம் அல்ல. ஆகவே இந்த முப்படியை விகிதமுறு எண்களைக் கொண்டு சிறிய காரணிகளாகப் பிரிக்க இயலாது.

அதனால் என்ன என்று கேட்கலாம். விகிதமுறு எண்களில் தொடங்கி, கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் ஆகிய ஐந்து செயல்களை மட்டும் எத்தனை முறை செய்தாலும், கிடைக்கும் எண் நிறைவுசெய்யும் மிகச் சிறிய சமன்பாட்டின் படி 1, 2, 4, 8 என்று இரண்டின் அடுக்காகவே இருக்கும். ஒவ்வொரு வர்க்கமூலமும் படியை இரண்டு மடங்காக்கலாம் அல்லது அப்படியே விடலாம். மூன்றாக்க அதனால் முடியாது. கொசைன் 20°-இன் படியோ மூன்று. எனவே எவ்வளவு நீளமான வர்க்கமூலக் கோவையாலும் அதை எழுத முடியாது. இதைத் தெளிவாக நிறுவி 1837-இல் வெளியிட்டவர் பிரெஞ்சுக் கணிதவியலாளர் பியர் வான்ட்செல். அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு 60°-ஐ மூன்று சம பங்காக்க முடியாது என்ற புகழ்பெற்ற முடிவும் இதே வாதத்தின் மறுபக்கமே.

கனமூலத்தை அனுமதித்தால் கிடைக்காதா என்று நீங்கள் அடுத்துக் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். முப்படிச் சூத்திரம், (1 + √−3)/2, (1 − √−3)/2 என்ற இரண்டு கலப்பெண்களின் கனமூலங்களைக் கூட்டச் சொல்கிறது. ஆனால் அந்த முதல் கலப்பெண்ணின் மெய்ப்பகுதி கொசைன் 60°, கற்பனைப்பகுதி சைன் 60°. அதன் கனமூலத்தை எடுக்க வேண்டுமானால் 60°-ஐ மூன்றால் வகுத்து, கொசைன் 20°-ஐயும் சைன் 20°-ஐயும் அறிய வேண்டும். ஊரைச் சுற்றி வந்து புறப்பட்ட வாசலிலேயே நிற்கிறோம். மெய்யெண்களின் மூலங்களை மட்டும் வைத்து, அவை எத்தனையாம் மூலங்களாக இருந்தாலும், இந்த எண்ணை எழுதவே முடியாது என்பதும் பின்னாளில் நிறுவப்பட்டுவிட்டது.

இப்போது ஒரு டிகிரியின் கதை தானாகவே முடிகிறது. சைன் 1°-ஐ வர்க்கமூலங்களால் எழுத முடியும் என்று வைத்துக்கொண்டால், கூட்டுக்கோண முற்றொருமையை மீண்டும் மீண்டும் பயன்படுத்தி 20°-ஐயும் அப்படியே எழுதிவிடலாம். அது முடியாது என்று பார்த்தோம். எனவே 1°-உம் முடியாது. 3-ஆல் வகுபடாத எந்த முழு டிகிரியை எடுத்துக்கொண்டாலும், அதோடு 3-இன் மடங்கு ஒன்றைத் தகுந்தபடி கூட்டியோ கழித்தோ 1°-ஐ எட்டிவிட முடியும் என்பதால், அவையும் முடியாது. 1°-க்கும் 89°-க்கும் இடையே 29 கோணங்கள் வர்க்கமூலத்துக்கு வசப்படுகின்றன. 60 கோணங்கள் வசப்படுவதில்லை. முழு டிகிரி அல்லாத கோணங்களில் வேறு வியப்புகள் உண்டு. வட்டத்தைப் பதினேழாகப் பிரித்தால் கிடைக்கும் கோணத்தின் கொசைனை வர்க்கமூலங்களாலேயே எழுத முடியும் என்று ஜெர்மன் கணிதவியலாளர் காஸ் 1796-இல், தமது பத்தொன்பதாம் பிறந்தநாளுக்கு ஒரு மாதம் இருக்கும்போது கண்டுபிடித்தார்.

உங்கள் தொழிலுக்கு இதனால் எந்தக் குறையும் இல்லை. இரவும் பகலும் சமமாக இருக்கும் மார்ச், செப்டம்பர் நாட்களில், உங்கள் ஊரில் சூரியன் உச்சத்துக்கு வரும் வேளையில் ஒரு மீட்டர் கோலைச் செங்குத்தாக நட்டால், அதன் நிழல் தெற்கு நோக்கி டேன் 20° மீட்டர், அதாவது ஏறத்தாழ 36.4 சென்டிமீட்டர் விழும். நிலத்தை அளக்கத் தசமம் போதும். சரியான வடிவம் கிடையாது என்பதை அறிந்துகொண்டு தசமத்தைப் பயன்படுத்துவதும், தேடிப் பார்க்காமலே அதைப் பயன்படுத்துவதும் ஒன்றல்ல என்பது என் எண்ணம். அந்த வகையில் நீங்கள் செலவிட்ட மாலைகள் வீணாகவில்லை.

கேள்வி (கியூர்பிப், ஒரு மாணவர்): கொசைன் 20° × கொசைன் 40° × கொசைன் 80° என்ற பெருக்கலின் சரியான மதிப்பைக் காண்க என்று ஒரு கணக்கு வந்தது. தனித்தனியே சரியான மதிப்பு இல்லாத மூன்று எண்களின் பெருக்கலுக்கு மட்டும் எப்படிச் சரியான மதிப்பு இருக்க முடியும்?

பதில்: மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால்தான். மேலே கண்ட ய³ − 3ய − 1 = 0 என்ற சமன்பாட்டுக்கு மூன்று மூலங்கள்: கொசைன் 20°, கொசைன் 140°, கொசைன் 260° ஆகியவற்றின் இருமடங்குகள். பின்னிரண்டும் முறையே −கொசைன் 40°, −கொசைன் 80° என்பவற்றின் இருமடங்குகளே. தனியே ஒரு மூலத்தைப் பிடிக்க முடியாவிட்டாலும், மூன்றின் பெருக்கற்பலன் சமன்பாட்டின் கடைசி உறுப்பிலிருந்து நேராகத் தெரிந்துவிடுகிறது, அது 1. இரண்டு எதிர்க்குறிகளும் ஒன்றையொன்று நீக்க, மூன்று 2-களும் சேர்ந்து 8 ஆக, கேட்ட பெருக்கலின் மதிப்பு 1/8.

தேர்வில் எழுத இன்னும் குறுகிய வழி உண்டு. பெருக்கலைச் சைன் 20°-ஆல் பெருக்குங்கள். சைன் 20° × கொசைன் 20° என்பது சைன் 40°-இன் பாதி. அதைக் கொசைன் 40°-ஆல் பெருக்கினால் சைன் 80°-இன் கால். அதைக் கொசைன் 80°-ஆல் பெருக்கினால் சைன் 160°-இன் எட்டில் ஒரு பங்கு. சைன் 160°-உம் சைன் 20°-உம் ஒன்றே என்பதால், முதலில் பெருக்கியதை வகுத்துவிட்டால் 1/8 எஞ்சும். கொசைன்களை எல்லாம் சைன்களாக மாற்றி, சைன் 20° × சைன் 40° × சைன் 80° என்று கேட்டால் விடை √3/8. அதற்கு இந்தக் குறுக்குவழி உதவாது. 20°, 60° − 20°, 60° + 20° என்று மூன்று கோணங்களையும் எழுதிக்கொண்டு, சைனுக்குரிய மும்மடங்குக் கோண முற்றொருமையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.